ஏழு பேர் போதும்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். எங்கள் திரைக்கதை மன்றத்துக்கு நான்தான் செயலாளர். ஜூலையில் தொடங்கியபோது 43 பேர் வந்தார்கள், இப்போது 7 பேர்தான். வெள்ளிக்கிழமை கூடினால் ஒரு படம் போடுகிறோம், அப்புறம் அதைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறோம். யாரும் எழுதுவதில்லை. மன்றத்தின் இதழ் ஒன்று வந்தது, அடுத்தது இழுத்துக்கொண்டே போகிறது. வந்த கட்டுரைகள் எல்லாமே பிடித்த ஹீரோவைப் பற்றித்தான். போதாததற்கு, கிராமத்துக்கு வரும் கடைசி பஸ்ஸைப் பற்றிய கதை யாருடையது என்று இரண்டு பையன்கள் மோதி, இப்போது பேச்சுவார்த்தை இல்லை. மன்றத்தை மூடிவிடலாமா?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

மூடாதே. வந்த 43 பேரில் பெரும்பாலானவர்கள் படம் பார்க்க வந்தவர்கள். மிச்சமிருக்கும் 7 பேர் எழுத ஆசைப்பட்டு வந்தவர்கள். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்க அதுதான் சரியான எண்ணிக்கை. அதற்கு மேல் போனால் எல்லாருடைய பக்கங்களையும் ஒரே மாலையில் வாசித்து முடிக்க முடியாது.

படம் போடுவதை மாதத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள். மற்ற வெள்ளிக்கிழமைகளில் ஆளுக்கு மூன்று பக்கம் கொண்டுவரட்டும். இன்றைய திரைக்கதை வடிவத்தில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். மூன்று நிமிடத்துக்குள் ஒரு சின்னக் காட்சியை முடித்துவிடலாம். தாளை நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று எழுதுகிற நம் ஊர் முறையிலும் எழுதலாம், ஆனால் அதில் அந்தப் பக்கக் கணக்கு சரியாக வராது. எது வசதியோ அதை எல்லாரும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

எழுதியவர் தன் பக்கத்தைத் தானே வாசிக்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. பாத்திரங்களை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளட்டும், காட்சி விவரணையை ஒருவர் வாசிக்கட்டும். எழுதியவர் பென்சிலோடு சும்மா உட்கார்ந்து, வாசிப்பவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கம் சொல்ல வாயைத் திறக்கக் கூடாது. படம் ஓடும்போது பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாதே.

கல்லூரி நாட்களில் நான் இப்படி ஒரு மன்றத்தை நடத்தினேன். ஒரு மாணவி, ‘முருகன் இறந்துபோன அப்பாவை நினைத்து மனதுக்குள் வருந்துகிறான்’ என்று எழுதியிருந்தாள். வாசித்த பையன் நிறுத்திவிட்டு, “இதை எப்படி நடிக்கிறது?” என்று கேட்டான். யாரிடமும் பதில் இல்லை. அடுத்த வாரம் அவள் மாற்றி எழுதிக் கொண்டுவந்தாள்: ‘வாசலில் அப்பாவின் செருப்பு. ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. முருகன் தாண்டிப் போகிறான். திரும்பி வந்து, குனிந்து நிமிர்த்தி, ஜோடி சேர்த்து வைக்கிறான்.’ அன்றைக்கு மேசையில் கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் தன் முதல் படமான பதேர் பாஞ்சாலிக்காக வழக்கமான முழுத் திரைக்கதை எழுதவில்லை. காட்சிகளைப் படங்களாக வரைந்து, குறிப்புகளோடு வைத்திருந்தார். எழுதும்போதே கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதழுக்கு வருவோம். ‘கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன’ என்று நோட்டீஸ் ஒட்டினால் ஹீரோ புகழ்ச்சிதான் வரும். அந்தப் பிள்ளைகள் மேல் தப்பு இல்லை, நாம் வேறு எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு காட்சியைப் பற்றி எழுதித் தா என்று கேட்டுப் பார். கதைச் சுருக்கம் வேண்டாம். கேமரா எங்கே நிற்கிறது, யார் முதலில் பேசுகிறார், எதைக் காட்டாமல் விட்டார்கள், இது போதும். பாரிஸில் 1951இல் தொடங்கிய கையே து சினிமா இதழில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர்கள்தான் பின்னால் பெரிய இயக்குநர்களான ட்ரூஃபோவும் கோதாரும். ராய் கல்கத்தாவில் நண்பர்களோடு திரைப்படச் சங்கம் தொடங்கியது 1947இல், அவருடைய முதல் படம் வந்தது 1955இல். மற்றவர்கள் எடுத்ததைக் கூர்ந்து பார்த்து எழுதுவதும் தொழில் பழகுவதுதான்.

மிச்சப் பக்கங்களுக்கு வெள்ளிக்கிழமை மேசையே விஷயம் தரும். ஒரு காட்சியின் முதல் வடிவம், திருத்திய வடிவம், ஏன் மாற்றினேன் என்று எழுதியவரின் பத்து வரி. இதைப் படித்துவிட்டே புது ஆட்கள் வருவார்கள்.

16 பக்கம் போதும். நான்கு ஏ4 தாள், இருபக்கமும் ஜெராக்ஸ், நடுவில் மடித்து இரண்டு பின். வெளியிடும் தேதியை இன்டர்னல் தேர்வோடு மோதாத ஒரு நாளாகக் குறித்துக்கொள், வராத கட்டுரைக்காகக் காத்திருக்காதே. ஒரு இயக்குநரின் பேட்டிக்காக எங்கள் இரண்டாவது இதழை நான் ஐந்து மாதம் நிறுத்திவைத்தேன். பேட்டி வரவே இல்லை. அதற்குள் எழுதிக் கொடுத்த இறுதியாண்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். தங்கள் பெயர் அச்சில் வந்ததை அவர்கள் பார்க்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் அந்தப் பையன்கள். கதைக் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. ‘கடைசி பஸ்’ என்ற கரு இருவருக்கும் சொந்தமில்லை, எழுதும் பக்கங்கள் அவரவருக்குச் சொந்தம். இனிமேல் யார் எழுதினாலும் வாசிப்புக்கு முன்பு மன்றத்தின் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடட்டும், தேதி தானாகப் பதிவாகிவிடும். எழுதியவர் சம்மதம் இல்லாமல் இதழில் எதையும் போடாதே. குறும்படமாக எடுக்க நினைக்கிறவரின் முழுத் திரைக்கதையைக் கேட்காதே, ஒரு காட்சி போதும்.

இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அதே பஸ்ஸைப் பற்றி மூன்று பக்கம் எழுதச் சொல். ஒருவன் டிரைவர் சீட்டில் இருப்பான், இன்னொருவன் நிறுத்தத்தில் நிற்பான், பாரேன். ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டையும் வாசியுங்கள், இவனுடையதை அவன் வாசிக்கட்டும். சம்மதித்தால் இதழின் நடுப்பக்கத்தில், எட்டில் ஒருவனுடைய பக்கமும் ஒன்பதில் மற்றவனுடையதும் எதிரெதிராக வரட்டும். இதழ் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா