மூன்று வருடமும் ஐம்பதாயிரமும்

கேள்வி: அக்கா, எனக்கு 17 வயது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தேன், இந்த வருடம் பிளஸ் டூ பாஸ், 421 மார்க். அப்பா இல்லை. அம்மா காட்டு வேலைக்குப் போய்தான் குழுக் கடனை வாரா வாரம் கட்டுகிறார். ஊருக்கு வந்த புரோக்கர் மில் வேலைக்குக் கூப்பிடுகிறார், மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக 50,000 தருவார்களாம். அம்மா அவரிடம் 5,000 முன்பணம் வாங்கிவிட்டார். எனக்கு பி.காம். படிக்க ஆசை, ஆனால் அம்மாவைப் பார்த்தால் வாயே வரவில்லை.
(பெயர் வேண்டாம், விளாத்திகுளம் அருகே)

பதில்: தங்கச்சி, முதலில் அந்த 50,000 கணக்கைப் பார்ப்போம். அது யாரும் சும்மா தரும் பணம் இல்லை, உனக்குச் சேர வேண்டிய சம்பளத்தில் மாதம் 1,400 ரூபாய் வாக்கில் பிடித்து வைத்துக் கடைசியில் நீட்டுவது, நடுவில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் அதுவும் பெரும்பாலும் கைக்கு வராது. திண்டுக்கல் பக்கம் ஒரு மில் விடுதியில் உன் வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன், இமையெல்லாம் பஞ்சு. டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கம் காலண்டர் ஒட்டி, முடிந்த நாட்களைப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்திருந்தாள். மூன்று வருடம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது மூச்சுத்திணறல் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மொத்தப் பணம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலண்டரை என்னால் மறக்க முடியவில்லை.

சரி, கல்லூரி. அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை, மற்ற கட்டணங்கள் கொஞ்சம்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும், மூன்று வருடத்துக்கு 36,000. தூரம் என்றால் அரசு மாணவியர் விடுதி இருக்கிறது, சாப்பாடும் அங்கேயே. இதெல்லாம் சேர்ந்தாலும் அம்மாவின் வாரக் கடன் அடையாது, அதை மறைக்க மாட்டேன். கல்லூரி திறக்கும் வரைக்கும், அப்புறம் லீவு நாட்களிலும் உள்ளூரில் கிடைக்கிற வேலைக்கு நீயும் போக வேண்டியிருக்கும். குழுத் தலைவியிடம் நீயே போய்த் தவணையைக் குறைத்துத் தரக் கேள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த 5,000ஐச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் முன்பணத்தைக் காட்டி உன்னை வேலைக்கு இழுக்க யாருக்கும் உரிமை இல்லை, 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. 18 நிரம்பாத பெண்ணை மில்லில் நைட் ஷிப்டில் நிறுத்தவும் கூடாது. புரோக்கர் மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடு. ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் அவர் கையில் மட்டும் கொடுத்துவிடாதே.

அம்மாவிடம் தனியாகச் சொல்ல வாய் வரவில்லை என்றால் உன் பிளஸ் டூ வகுப்பு டீச்சரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. சீட் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுது.