வாசகர் கேள்வி: பழைய பிஸ்டல்கள் இரண்டு, எதை வாங்குவது?

கேள்வி: துப்பாக்கி சுடும் மன்றம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டு வருகிறேன். அடுத்ததாக 25 மீட்டர் ஸ்டாண்டர்டு பிஸ்டல் பிரிவுக்குச் செல்ல விரும்புகிறேன், உரிமமும் கிடைத்துவிட்டது. மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள் இருவர் தங்களுடைய பழைய .22 (0.22 அங்குலத் தோட்டா சுடும்) பிஸ்டல்களை விற்க முன்வந்திருக்கிறார்கள். ஒன்று 7 அங்குலக் குழல் கொண்ட ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 41. மற்றொன்று ஹாமர்லி 208எஸ். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. என் கை சற்றுச் சிறியது. எதை வாங்கலாம்?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் "7 அங்குலக் குழல்" என்ற சொற்களிலேயே பாதி விடை இருக்கிறது. சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதிப்படி, 25 மீட்டர் பிரிவுகளில் பயன்படுத்தும் .22 பிஸ்டலின் குழல் 153 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எடை 1,400 கிராமைத் தாண்டக் கூடாது. முழு ஆயுதமும் 300 மி.மீ. நீளம், 150 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் கொண்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும். 7 அங்குலம் என்பது ஏறத்தாழ 178 மி.மீ. ஆகவே உங்களுக்குக் காட்டப்பட்ட மாடல் 41, இப்போதிருக்கும் நிலையில், போட்டிக்கு முந்தைய கருவிச் சோதனையைத் தாண்டாது. மன்றத்துக்குள் சுடுவதற்கு அதனால் தடையில்லை. பதிவு பெற்ற போட்டிக்கு மட்டும் உதவாது.

இதற்கு மாற்று வழி உண்டு. மாடல் 41-இன் குழலைக் கழற்றுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம்: தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை எடுத்து, மேலே முன்பின் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, குழலில் தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, விசைக்காப்பு வளையத்தைக் கீழே இழுத்தால் குழல் தனியாக வந்துவிடும். இதே பிஸ்டலுக்கு 5.5 அங்குலக் குழலும், அதாவது சுமார் 140 மி.மீ. நீளத்தில், தயாரிக்கப்பட்டிருக்கிறது. குறிபார்க்க உதவும் பின் சைட் ஸ்லைடின் மீது அல்லாமல் குழலோடு ஒட்டிய நீட்சியின் மீது அமர்ந்திருப்பதால், ஒவ்வொரு குழலும் தன் சைட்டுகளைத் தானே சுமந்து வருகிறது. குழலை மாற்றும்போது குறியைப் புதிதாகச் சரிசெய்யும் வேலையும் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. எனவே விற்பவரிடம் குட்டைக் குழல் ஏதாவது பெட்டியின் அடியில் கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், தனியாக ஒன்று வாங்க ஆகும் செலவையும் விலையோடு கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

துல்லியத்தை வைத்து இவ்விரண்டையும் தரம் பிரிக்க முயல வேண்டாம். 25 மீட்டர் துல்லிய இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ.; நல்ல நிலையில் உள்ள இரண்டு பிஸ்டல்களில் எதைத் தாங்கியில் வைத்துச் சுட்டாலும் தோட்டாக்கள் அந்த வட்டத்துக்குள் தாராளமாக அடங்கும். மாடல் 41-இன் மேகசினில் பத்துத் தோட்டாக்களும் 208எஸ்-இன் மேகசினில் எட்டும் கொள்ளும் என்பதும் உங்களுக்குப் பொருட்டல்ல, ஏனெனில் ஸ்டாண்டர்டு பிஸ்டலில் 150, 20, 10 வினாடி என எந்தத் தொடராக இருந்தாலும் ஐந்து தோட்டாக்களே.

வேறுபாடு பிடியிலும் விசையிலும் இருக்கிறது. மாடல் 41 1957-இல் விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவின் புல்ஸ்ஐ (ஒரு கையால் வட்ட இலக்கைச் சுடும் பிரிவு) போட்டியாளர்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. அவர்கள் ஒரே நாளில் .22 பிஸ்டலையும் .45 கோல்ட் 1911-ஐயும் மாற்றி மாற்றிச் சுடுபவர்கள் என்பதால், இதன் பிடிச் சாய்வு 1911-ஐ ஒட்டியே அமைக்கப்பட்டது. நீங்கள் .45 சுடப்போவதில்லை, அந்த வசதிக்காக நீங்கள் பணம் கொடுக்கவேண்டிய அவசியமில்லை. 1966-இல் வந்த ஸ்விட்சர்லாந்தின் ஹாமர்லி 208-இன் பின்வாரிசான 208எஸ் ஐரோப்பியப் போட்டி மரபில் பிறந்தது: உள்ளங்கையைச் சுற்றி அணைக்கும் மரப்பிடி, கையின் அடிப்பகுதியைத் தாங்கும், மேலும் கீழும் நகர்த்தக்கூடிய தட்டு. இரண்டு ஆண்டுகள் ஏர் பிஸ்டல் பிடித்த கைக்கு இந்தப் பிடி உடனே பழகிவிடும்.

விசையிலும் இதே நிலைதான். ஏர் பிஸ்டலில் குறைந்தபட்ச விசை எடை, அதாவது விசையை இழுக்க விரல் தரவேண்டிய அழுத்தம், 500 கிராம். 25 மீட்டர் பிரிவுகளில் 1,000 கிராம். உங்கள் விரல் இப்போது இருமடங்கு எடையைப் பழக வேண்டும். 208எஸ்-இன் விசை இரு கட்டங்களாக நகரும்: முதல் கட்டத்தில் எடையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, விரல் ஒரு சுவரில் முட்டியதுபோல் நின்று, பிறகு சிறிய அழுத்தத்தில் விடுபடும். ஏர் பிஸ்டலில் உங்களுக்குப் பழகிய உணர்வும் இதுவே. மாடல் 41-இன் விசையோ முன்னோட்டம் இல்லாமல் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விடுபடும். மிக நல்ல விசை, அதைப் புகழாதவர்கள் குறைவு. ஆனாலும் உங்கள் விரலுக்கு அது புதுப் பாடம்.

சிறிய கை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய கைக்காரருக்குச் செதுக்கிய மரப்பிடியைச் சிறிய கையில் பிடித்தால், விரல் விசையை நேராகப் பின்னுக்கு இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளும். குண்டுகள் ஒரே திசையில் ஒதுங்கும். ஆகவே ஹாமர்லியை வாங்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை இலக்கை நோக்கி உயர்த்துங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக வந்து நிற்கிறதா என்பதை ஐந்து முறையாவது பாருங்கள். ஒரு பக்கம் விலகியே நின்றால் பிடியை மாற்றவோ அரம் போட்டுக் குறைக்கவோ வேண்டியிருக்கும். அதற்கான துணிவு இருந்தால் இதைக் குறையாகக் கருத வேண்டாம். மரம் தேய்த்தால் தேயும், கை வளராது.

இனி நிலையைச் சோதிப்பது. பெயரைவிட இதற்கே அதிக நேரம் கொடுங்கள் என்பேன். .22 தோட்டாவில், அதை வெடிக்கவைக்கும் ஊசி அடிப்பகுதியின் மையத்தில் அல்லாமல் விளிம்பில் அடிக்கிறது. முன்னாள் உரிமையாளர் காலி அறையில் அடிக்கடி விசையை இழுத்திருந்தால், அறையின் வாயில் ஊசி பட்ட இடத்தில் ஒரு தழும்பு விழுந்திருக்கலாம். அந்த உலோகப் பிசிறு காலித் தோட்டாவை வெளியே இழுக்கும்போது தடுக்கும். பஞ்சு சுற்றிய குச்சியை அறையின் வாயைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் பஞ்சிழை சிக்கினால், சிக்கல் அங்கேதான். பிறகு ஸ்லைடையும் சட்டத்தையும் நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியுடன், விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மேகசின்களுக்கு எண் இட்டுக்கொண்டு, நீங்கள் போட்டியில் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவை ஐந்து ஐந்தாக, பத்து வினாடித் தொடரில், குறைந்தது ஐம்பது சுடுங்கள். எந்த எண்ணில் அடைப்பு வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரே மேகசினில் வந்தால் குற்றம் அதன் உதடுகளில் (தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்புகளில்), எல்லாவற்றிலும் வந்தால் பிஸ்டலில்.

தோட்டா விஷயத்தில் மாடல் 41 செல்லப்பிள்ளை. அதன் அறை இறுக்கமானது; ஈயமும் மெழுகும் சேர்ந்தால் தோட்டா முழுவதும் உள்ளே போகாது. இரண்டுக்குமே வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகமுள்ள சாதாரண வேகத் தோட்டாவே ஏற்றது. அதிவேகத் தோட்டா புள்ளி எதையும் கூட்டாது. வெறும் பின்னுதையால் இயங்கும் ஸ்லைடை மட்டும் அடித்து நொறுக்கும்.

உதிரிபாகத்தில் அமெரிக்கப் பிஸ்டலுக்கே வெற்றி. 208எஸ் உற்பத்தி நின்று நாளாகிவிட்டது. ஊசி, ஸ்பிரிங், மேகசின் ஆகியவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாடல் 41-க்கு அவ்வளவு திண்டாட்டம் இல்லை.

இருந்தாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால், பிடி கைக்குப் பொருந்துமானால், ஐம்பது தோட்டாச் சோதனையில் அடைப்பு இல்லையானால், விற்பவரிடம் கூடுதல் மேகசின்களும் இருந்தால், ஹாமர்லியையே எடுப்பேன். இம்மூன்றில் ஒன்று தவறினாலும், குட்டைக் குழலுடன் கிடைக்கும் மாடல் 41-க்குத் தயங்காமல் திரும்புவேன்.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே மாடல் 41 இருக்கிறது. வீட்டில் தோட்டா இல்லாமல் விசைப் பயிற்சி செய்யலாமா? மேகசினைக் கழற்றினால் விசை வேலை செய்யவில்லையே, பழுதா?

பதில்: பழுதில்லை. மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி அதில் ஒரு காப்பு வைக்கப்பட்டிருக்கிறது. காலி மேகசினைச் செருகிப் பயிற்சி செய்யுங்கள். பயிற்சி நடக்கும் அறையில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிஸ்டலின் அறைக்குள், சுட்டு முடித்த காலித் தோட்டா ஒன்றை இட்டுக்கொண்டால் ஊசி அதன் விளிம்பில் அடித்து நிற்கும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் அதைச் சற்றுத் திருப்பி, புது விளிம்பு ஊசிக்கு வரும்படி வையுங்கள். அது முழுதாக ஒரு சுற்று திரும்பி முடிந்ததும், வேறொரு காலித் தோட்டாவை மாற்றிவிடுங்கள்.