வனவிலங்கு ஓவியப் போட்டி: கட்டணம் செலுத்தும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், அழிந்துவரும் உயிரினங்களைக் காக்க நிதி திரட்டுவதாகச் சொல்லும் ஓர் ஓவியப் போட்டிக்கு வரையாட்டை வரைந்து அனுப்ப விரும்புகிறாள். நுழைவுக் கட்டணம் உண்டு. அந்தப் பணம் உண்மையிலேயே விலங்குகளுக்குப் பயன்படுமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கட்டணம் கேட்கிறார்கள் என்பதற்காகவே ஒரு போட்டியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் 'வருவாயில் ஒரு பகுதி பாதுகாப்புப் பணிகளுக்கு' என்று மட்டும் எழுதிவிட்டு, எவ்வளவு, யாருக்கு, எந்தப் பணிக்கு என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அதை எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் விலகிக்கொள்ளுங்கள்.

தெளிவான கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது அமெரிக்க அரசின் 'டக் ஸ்டாம்ப்' போட்டியைத்தான். நீர்ப்பறவை வேட்டைக்குச் செல்பவர்கள் வாங்கியே ஆக வேண்டிய இந்த முத்திரை வில்லை (ஸ்டாம்ப்) 1934-இல் அறிமுகமானது. அதில் இடம்பெறும் ஓவியத்தைத் தேர்ந்தெடுக்கும் போட்டி 1949-இல் அமெரிக்க ஓவியர்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. 25 டாலருக்கு விற்கப்படும் இந்த வில்லையால் வரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட், ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுத்துக் காக்கவும் செல்கிறது. படத்தில் இருப்பது பெரும்பாலும் சாதாரண வாத்துதான் என்றாலும், அதன் பெயரால் காக்கப்பட்ட சதுப்புகளில் அழிவின் விளிம்பிலுள்ள பல உயிரினங்களும் பிழைத்திருக்கின்றன. வென்ற ஓவியருக்கு அரசு ரொக்கப் பரிசு எதுவும் தருவதில்லை. தம் ஓவியத்தின் அச்சுப்படிகளை விற்று அவர் வருவாய் ஈட்டலாம்.

ஓவியத்தையோ அதன் அச்சுப்படிகளையோ விற்று நிதி திரட்டுவது இன்னொரு வழி. ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் 1973-இல் வரைந்த புலி ஓவியத்தின் அச்சுப்படிகள், இந்தியாவில் புலிகளைக் காக்கும் பணிக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் ஈட்டித் தந்தன. 1984-இல் அவர் தொடங்கிய அறக்கட்டளை, பல நாட்டு ஓவியர்களும் பங்கேற்கும் வனவிலங்கு ஓவியப் போட்டி ஒன்றை நடத்திவருகிறது. இவ்வகைப் போட்டிகளில், படம் விற்றால் ஓவியருக்கு எவ்வளவு, அமைப்புக்கு எவ்வளவு, விற்காத படத்தைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பவற்றைத் தவறாமல் படியுங்கள்.

விதிமுறைகளில் பலர் படிக்காமல் கையெழுத்திடும் இடம் பதிப்புரிமை. போட்டியைப் பற்றிய செய்திகளில் படத்தை வெளியிட அனுமதி கேட்பது நியாயமானது. அனுப்பிய படங்கள் அனைத்தின் உரிமையும் நிரந்தரமாக நடத்துபவருக்கே என்று இருந்தால் அனுப்பாதீர்கள். என் இளமையில் அப்படி ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு, என் படத்தை நாட்காட்டியில் பெயரில்லாமல் பார்த்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

இனி வரையாடு. இணையத்தில் தேடும்போது இமயமலைத் தார் ஆட்டின் படங்களும் கலந்து வரும்; கழுத்திலும் தோளிலும் நீண்ட பிடரிமயிர் தொங்குவது அதுதான். நம் நீலகிரி வரையாட்டுக்கு உரோமம் குட்டையானது. முதிர்ந்த கிடாவின் கரும்பழுப்பு முதுகில், சேணம் போட்டதுபோல ஒரு வெளிர்நிறத் திட்டு தெரியும்; பெட்டைக்கு அது கிடையாது. துறையறிந்த நடுவர்கள் இவற்றைத்தான் முதலில் கவனிப்பார்கள். அதோடு, பிறர் எடுத்த புகைப்படத்தை அப்படியே பார்த்து வரைந்தால், எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நிராகரிக்கப்படலாம்.

நீங்கள் கோவையில் இருப்பது நல்வாய்ப்பு. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடுகள் சாலையோரம் வரையிலும் வருவதுண்டு. ஒரு விடுமுறை நாளில் அதிகாலையிலேயே மகளை அழைத்துச் செல்லுங்கள். தீனி எதுவும் போடாமல், நெருங்கிப் போகாமல், பென்சிலும் குறிப்பேடுமாக அவள் வரையட்டும். அந்தக் கோட்டோவியங்களைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்தினால், படம் அவளுடைய சொந்தப் படைப்பே என்பதற்கு அவையே சான்றாகவும் இருக்கும்.