சர்ச் பெண்கள் சங்கங்கள் ஜெபக்கூட்டம் தவிர வேறென்ன செய்கின்றன? பெரிய நிதி இல்லாமல் எப்படி உதவுகிறார்கள்?

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு மிசோரமில் இருக்கிறது. அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் நடத்திவரும் 'பூஃபாய் தாம்', அதாவது பிடி அரிசித் திட்டம்.

முறை ரொம்ப எளிது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, சமைக்க எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேகரித்து ஆலயத்தில் சேர்ப்பார்கள். அரிசியை விற்று வரும் பணம் சபைக்குப் போகும். அந்தப் பணம் ஊழியர்களின் சம்பளத்துக்கும் மிஷன் பணிக்கும் உதவுகிறது. சில்லறையாகத் தொடங்கிய இந்த வருமானம் இப்போது ஆண்டுக்குப் பல கோடி ரூபாய்.

என் பார்வையில் இதன் பெருமை தொகையில் இல்லை. அந்தக் காலத்தில் பெண்கள் கையில் காசு ஏது? ஆனால் அடுப்படி அவர்கள் பொறுப்பில் இருந்தது. யாரிடமும் கேட்காமல் கொடுக்கக்கூடிய ஒன்றை அவர்கள் அங்கேயே கண்டுபிடித்தார்கள். ஏழை வீட்டுப் பிடியும் வசதியான வீட்டுப் பிடியும் ஒரே மூட்டையில்தான் சேரும்.

அப்புறம், ஐக்கியம், அதாவது சபையார் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவு, இங்கே தனியாக நடக்கும் நிகழ்ச்சி அல்ல. அரிசி வாங்க வாசலுக்கு வருகிறவருக்கு அந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

உங்கள் சபையில் தொடங்க நினைத்தால், முதலில் வாராவாரம் சேகரிக்கப் போகிறவர்களை முடிவு செய்யுங்கள்.