பிஓ கோப்பை எக்செல்லுக்குக் கொண்டுபோய்ச் சேதமில்லாமல் திரும்பக் கொண்டுவர

கேள்வி: திறமூல மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். எப்போதும் இணையம் கிடைப்பதில்லை என்பதால் மொழிபெயர்ப்புத் தளத்திலிருந்து பிஓ கோப்பை (மூல வரியும் மொழிபெயர்ப்பும் அடங்கியது) இறக்கி, காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி-யாக மாற்றி, எக்செல்லில் மொழிபெயர்த்தேன். திரும்ப ஏற்றியபோது தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக வந்தது. சில வரிகளைத் தளம் ஏற்கவே இல்லை. இணையமில்லாமல் வேலை செய்ய எந்த வடிவத்துக்கு மாற்றுவது நல்லது?

பதில்: வருத்தமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறோம். கேள்விக்குறியாகிவிட்ட வரிகளை அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. எக்செல்லில் வெறும் 'சிஎஸ்வி' என்று சேமித்தால், கணினியின் பழைய எழுத்து அட்டவணைப்படி அது எழுதும். அந்த அட்டவணையில் தமிழ் இல்லாததால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். கோப்புக்குள்ளும் இப்போது இருப்பது கேள்விக்குறிதான். எக்செல்லின் சொந்த வடிவத்தில் ஒரு பிரதி சேமித்திருந்தால் மட்டும் அதிலிருந்து எடுக்கலாம்.

இன்னொரு வகைக் கோளாறும் உண்டு, அது ஆபத்தில்லாதது. சிஎஸ்வி-யைத் திறந்ததும், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும் ® குறியும் மாறிமாறி வரும். 'தமிழ்' என்ற சொல்லில் 5 குறியீடுகள் இருக்கின்றன: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். ஒரு பைட்டை ஓர் எழுத்தாக எக்செல் படிப்பதால்தான் ஒரு சிறு சொல் நீண்ட குப்பையாகத் தெரிகிறது. தரவு அப்படியே இருக்கிறது. சேமிக்காமல் மூடிவிடுங்கள், அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்வி. முடிந்தவரை எந்த வடிவத்துக்கும் மாற்றாதீர்கள் என்பதே எங்கள் பரிந்துரை. போஎடிட், ஒமேகாடி என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் இரண்டும் இணையமில்லாமல் இயங்கும், பிஓ-வை நேரடியாகத் திறக்கும். ஒமேகாடி நீங்கள் செய்ததையெல்லாம் மொழிபெயர்ப்பு நினைவகமாகச் சேர்த்துவைப்பதால், ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வரும் பெரிய கோப்புக்கு அது ஏற்றது. சில நூறு வரிகள்தான் என்றால் போஎடிட் போதும்.

மாற்றினால் என்ன போகும்? பிஓ கோப்பில் மூலமும் மொழிபெயர்ப்பும் மட்டும் இல்லை. சூழல் குறிப்பு, ஒருமை-பன்மை வடிவங்கள், 'ஐயத்துக்குரியது' என்ற ஃபஸி அடையாளம், நிரலாளர் எழுதிய விளக்கம் எல்லாம் அதில் உண்டு. பிஓ-வை மாற்ற உதவும் டிரான்ஸ்லேட் டூல்கிட் என்ற கருவித்தொகுப்பு தரும் சிஎஸ்வி-யில் இருப்பதோ இடம், மூலம், மொழிபெயர்ப்பு என்று மூன்றே நெடுவரிசை. 'ஓப்பன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் பொத்தானில் 'திற' என்றும், நிலையைக் காட்டும் இடத்தில் 'திறந்துள்ளது' என்றும் வரவேண்டும். சூழல் குறிப்பு போய்விட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பன்மையும் அப்படியே. தமிழுக்கு 2 வடிவங்கள்: எண் 1 என்றால் ஒன்று, மற்ற எதற்கும் மற்றொன்று. ஒரு மூலத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பு என்று இருக்கும் வரிசையில் இது ஒழுங்காக அடங்காது. பன்மை வரிகளை மட்டும் பிஓ-விலேயே கையால் முடித்துவிடுங்கள்.

சரிபார்ப்பவருக்கு விரிதாள் மட்டுமே பழக்கம் என்பது போன்ற காரணத்தால் மாற்றியே ஆகவேண்டும் என்றால், மொழிபெயர்க்கத் தொடங்குமுன் ஒரு சோதனை ஓட்டம் நடத்துங்கள். பன்மை உள்ளது, வரிமுறிவில் முடிவது, காற்புள்ளியும் இரட்டை மேற்கோளும் உள்ளது, இடநிரப்பி (எண்ணோ சொல்லோ வந்து உட்காரும் %டி போன்ற குறி) உள்ளது, சூழல் குறிப்பு உள்ளது என ஐந்து வரிகளை மட்டும் மொழிபெயர்த்து, மாற்றி, விரிதாளில் திறந்து, சேமித்து, திரும்ப பிஓ ஆக்குங்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் எது தொலைகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். திரும்ப மாற்றும்போது, தொடாமல் வைத்திருக்கும் மூல பிஓ-வை வார்ப்புருவாகக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் சிஎஸ்வி-யில் இல்லாத தகவல்கள் அதிலிருந்து வந்து சேரும்.

விரிதாளுக்கு எக்செல்லைவிட லிப்ரெஆபிஸ் கால்க் நல்லது. திறக்கும்போதே எழுத்துக்குறி முறை எது என்று கேட்கும். யுடிஎஃப்-8 என்று தேர்ந்து, பிரிப்பான் காற்புள்ளி என்று வைத்து, கீழே எல்லா நெடுவரிசைகளையும் 'டெக்ஸ்ட்' வகையாக மாற்றுங்கள். இதை விட்டால் சில வரிகளை விரிதாள் சூத்திரமாகவோ தேதியாகவோ மாற்றிவிடலாம். ஆட்டோகரெக்ட் அமைப்பில் மேற்கோள் குறி வளைவதையும் நிறுத்துங்கள். நேர் மேற்கோள் வளைந்தால் வரிக்குள் இருக்கும் எச்டிஎம்எல் இணைப்பு உடையும். எக்செல்தான் வேண்டும் என்றால் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற தனித் தேர்வில் சேமியுங்கள். அது கோப்பின் தலையில் பிஓஎம் எனும் 3 பைட் அடையாளத்தைச் சேர்க்கும். எக்செல்லுக்கு அது தேவை, பிஓ-வுக்கு அதுவே தொல்லை. பிஓ-வின் முதல் வரியிலேயே பிழை என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

எக்ஸ்லிஃப் என்ற மொழிபெயர்ப்புப் பரிமாற்ற வடிவத்தைக் கேட்கும் கருவி என்றால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 2008-இல் வந்த 1.2-க்கும் 2014-இல் வந்த 2.0-க்கும் உள்ளமைப்பே வேறு. ஒன்றை எதிர்பார்க்கும் கருவி மற்றதைத் திறக்காமல் போகலாம். பதிப்பு எண் கோப்பின் தொடக்கத்திலேயே இருக்கும்.

தளம் ஏற்காத வரிகளுக்குப் பெரும்பாலும் இடநிரப்பிதான் காரணம். இங்கே %டி, %எஸ் என்று எழுதுகிறோம். கோப்பில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்தாகவே இருக்க வேண்டும். தமிழ் விசைப்பலகை இயங்கும்போது அதைத் தட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மூலத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு.

தளம் ஏற்றுக்கொள்ளும் தவறு இதைவிட மோசம். 10 பக்கங்களில் 3-ஆவது என்பதைச் சொல்லும் ஆங்கில வரியில் 3 முதலிலும் 10 பின்னாலும் வரும். தமிழில் '%டி பக்கங்களில் %டி' என்று இயல்பாக எழுதினால் திரையில் '3 பக்கங்களில் 10' என்று காட்டும். இரண்டும் %டி என்பதால் எந்தச் சோதனையும் பிடிக்காது. சி மொழி நிரல் என்றால் '%2$டி பக்கங்களில் %1$டி' என்று எண்ணிட்டு எழுதுங்கள். பைத்தானின் % முறையில் இந்த எண் செல்லாது. அங்கே 'பக்கம் %டி / %டி' என்று வரிசை மாறாமல் அமைத்துவிடலாம்.

பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரையைச் சேர்ப்பதானால் ஔகாரத்தைப் பாருங்கள். 'கௌ'வின் பின்பகுதிக்குப் பதில் ள எழுத்தே வந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடலில் கிடைக்காது. கொ, கோ ஆகியவற்றின் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகப் பிரிந்தும் வரலாம். யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு மாற்றினால் பிரிந்தவை சேர்ந்துவிடும். ள ஆகிப்போனதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் பிஓ கோப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் கருவித்தொகுப்பின் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கட்டளையைச் சோதனைத் தேர்வோடு ஓட்டுங்கள். மூலம் வரிமுறிவில் முடிந்து தமிழ் முடியாவிட்டால் அது வரி எண்ணோடு சொல்லும். விரிதாள் வழியாக வந்த கோப்பில் இது அடிக்கடி தென்படும். நீங்கள் இணையத்துக்கு வெளியே இருந்தபோது மூல வரிகள் மாறியிருக்கலாம். புதிய வார்ப்புருவை இறக்கி எம்எஸ்ஜிமெர்ஜ் கொண்டு இணைத்தால், சற்றே மாறிய வரிகள் ஃபஸி அடையாளத்தோடு நிற்கும். அவற்றைப் படித்துத் திருத்தி அடையாளத்தை நீக்குங்கள். நீக்காவிட்டால் தொகுக்கும்போது அவை விடுபட்டு, திரையில் ஆங்கிலமே வரும்.