வாசல் ஒன்று போதும்: பிராக்ஸி பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டுச் சர்வரில் டோக்கர் கொள்கலனாக (செயலியைத் தனித்து இயக்கும் பெட்டி) ரிவர்ஸ் பிராக்ஸியை, அதாவது வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உரிய சேவைக்கு அனுப்பும் வாசலை, நிறுவுவது பற்றியவை. லாக் எதையும் இணைக்காமல் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதியிருந்த கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

செந்தூல் வாசகர்: கேடி என்ற பிராக்ஸியில் ஜெல்லிஃபின் வீடியோ சேவைக்கு "லோக்கல்ஹோஸ்ட் 8096" என்று எழுதினேன். சேவையை எட்ட முடியவில்லை என்னும் 502 பிழைதான் வருகிறது. ஆனால் சர்வரிலிருந்து கர்ல் கட்டளையால் கேட்டால் பக்கம் வருகிறது. ஏன்?

கொள்கலனுக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கொள்கலன்தான். உங்கள் கேடி தன்னைத்தானே தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் நீங்களே உருவாக்கிய ஒரு நெட்வொர்க்கில் சேர்த்து, முகவரியின் இடத்தில் சேவையின் பெயரை எழுதுங்கள். டோக்கர் தானாகத் தரும் பிரிட்ஜ் நெட்வொர்க்கில் பெயரைக் கொண்டு கண்டுபிடிக்கும் வசதி கிடையாது. போர்ட் எண்ணும் கொள்கலனின் உள் எண்ணாகவே இருக்க வேண்டும்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: ரவுட்டரில் 80, 443 இரண்டையும் திறந்துவிட்டேன். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. கேடியில் கோளாறா?

கேடியை விட்டுவிட்டு ரவுட்டரின் வான் (WAN, வெளி இணையத் தொடர்பு) பக்கத்தைப் பாருங்கள். அங்கே உள்ள முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள ஓர் எண்ணில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. நீங்கள் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவையும் இதே வரிசை எண்களைத்தான் கொடுக்கும் என்பதால், கணினியில் தெரியும் எண்ணைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். தனிப் பொது முகவரி கேட்டுப் பெறலாம், அல்லது ஒரு சிறிய விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கம் வழியாக வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

பட்டர்வொர்த் கணக்காளர்: யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22, 80, 443 தவிர மற்ற எல்லாவற்றையும் தடுத்திருக்கிறேன். விபிஎஸ்ஸில் ஓடும் என் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் 5432 போர்ட் வெளியே திறந்திருப்பதாக நண்பர் சொல்கிறார். சாத்தியமா?

சாத்தியம் மட்டுமல்ல, டோக்கர் வழக்கமாகச் செய்வதே அதுதான். கொள்கலன்களை விவரிக்கும் கம்போஸ் கோப்பில் போர்ட்ஸ் என்று ஒரு வரி எழுதியவுடன் டோக்கர், லினக்ஸின் பொட்டல வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் தன் சொந்த விதிகளைச் சேர்க்கிறது. வரும் பொட்டலத்தின் சேருமிடம் முதலிலேயே கொள்கலனின் முகவரியாக மாற்றப்படுவதால், அது சர்வருக்கே வருபவற்றுக்கான இன்புட் சங்கிலிக்கு (விதித் தொடர்) போகாமல், வேறிடம் கடத்தப்படுபவற்றுக்கான ஃபார்வர்டு சங்கிலி வழியாகச் செல்கிறது. நீங்கள் எழுதிய தடை நிற்பதோ இன்புட் சங்கிலியில். யுஎஃப்டபிள்யூ நிலையைக் கேட்டால் "தடுக்கப்பட்டுள்ளது" என்றே காட்டும், அதை நம்பி நீங்களும் உறங்கப் போவீர்கள்.

நானும் அப்படி உறங்கியவன்தான். சில ஆண்டுகளுக்கு முன், சோதனைக்காக விபிஎஸ்ஸில் கடவுச்சொல் இல்லாத ஒரு மோங்கோ தரவுத்தளத்தை வைத்து, "நாளைக்கு மூடிவிடலாம்" என்று போர்ட்டைத் திறந்துவிட்டிருந்தேன். காலையில் பார்த்தால் என் தரவு ஒன்றும் இல்லை. பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. ஃபயர்வால் அன்றிரவு முழுவதும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

அதனால் இந்தப் பகுதியில் முன்பே பலமுறை எழுதியதையே மீண்டும் எழுதுகிறேன்: பிராக்ஸியைத் தவிர வேறு எந்தக் கொள்கலனுக்கும் போர்ட்ஸ் வரி வேண்டாம். பிராக்ஸியும் சேவைகளும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலே அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அதற்குப் போர்ட்ஸ் தேவையில்லை. தரவுத்தளத்தை இன்னொரு தனி நெட்வொர்க்கில், அதைப் பயன்படுத்தும் செயலியோடு மட்டும் வையுங்கள். பிராக்ஸி அதைப் பார்க்கவே கூடாது. பராமரிப்புக்காக நீங்கள் நேரடியாக நுழைய வேண்டியிருந்தால் போர்ட்ஸ் வரியில் 127.0.0.1:5432:5432 என்று, சர்வருக்குள் மட்டும் திறக்கும்படி எழுதி, எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாக வாருங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி கம்போஸ் கோப்புகளில் பெரும்பாலானவற்றில் இந்தப் போர்ட்ஸ் வரி இருக்கிறது, ஏனென்றால் எழுதியவருக்குத் தன் மடிக்கணினியில் பக்கம் திறந்தால் போதும். அதை அப்படியே விபிஎஸ்ஸில் ஒட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

செத்தாப்பாக் மாணவர்: லெட்ஸ் என்கிரிப்ட் என் தளத்துக்கு ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் தர மறுக்கிறது. கேடி கொள்கலனை அழித்து அழித்து ஏழெட்டு முறை முயன்றேன்.

அழித்ததுதான் காரணம். ஒரே பெயர்த் தொகுப்புக்கு 7 நாளில் 5 சான்றிதழ்கள்தான் தருவார்கள்; அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நாளுக்கு ஒன்று வீதம் வாய்ப்பு திரும்பும். கேடியின் டேட்டா கோப்புறையை வால்யூமில் (கொள்கலனை அழித்தாலும் அழியாத சேமிப்பிடம்) வைத்திருந்தால் முதல் சான்றிதழே இன்னும் இருந்திருக்கும். சோதனைக்கு ஸ்டேஜிங் முகவரி இருக்கிறது. அதன் சான்றிதழைப் பிரவுசர் நம்பாது, ஆனால் வரம்பு மிகத் தாராளம். இன்னொன்று: காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் வரும் என்று காத்திருக்காதீர்கள், அந்தச் சேவையை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: கேடி, டிராஃபிக் (Traefik), என்ஜின்எக்ஸ் ஆகிய மூன்று பிராக்ஸிகளில் எது?

ஐந்தாறு சேவைகளுக்குக் கேடி. அன்றாடம் கொள்கலன்களை ஏற்றி இறக்குபவராக இருந்தால் டிராஃபிக், ஆனால் டோக்கரைக் கட்டுப்படுத்தும் வழியான டோக்கர் சாக்கெட்டை அதனிடம் கொடுப்பது வீட்டின் ரூட் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்வதால் அந்த ஆபத்து நீங்காது. தேவையான கோரிக்கைகளை மட்டும் கடத்தும் ஒரு சாக்கெட் பிராக்ஸியை இடையில் வையுங்கள்.

பத்துமலை வாசகர்: தைப்பூசப் படங்களை ஏற்றினால் 413 (கோப்பு மிகப் பெரிது) பிழை.

என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி. கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸை உயர்த்துங்கள்.

சிராஸ் வாசகர்: லாக்கில் எல்லாப் பார்வையாளர்களும் 172.18.0.3 என்றே தெரிகிறார்கள்.

அது உங்கள் பிராக்ஸியின் முகவரி. உண்மையான முகவரி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பில் வருகிறது. செயலியின் நம்பகமான பிராக்ஸிகள் பட்டியலில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் அதைப் படித்துக்கொள்ளும். 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் செயலியை நேராக எட்ட முடிந்தவர் எவரும் அப்போது தன் முகவரியை எப்படி வேண்டுமானாலும் புனைந்துகொள்ளலாம்.

ஜார்ஜ்டவுன் வாசகர்: கைப்பேசி டேட்டாவில் டொமைன் திறக்கிறது, வீட்டு வைஃபையில் திறக்கவில்லை.

ரவுட்டரில் என்ஏடி லூப்பேக் (வீட்டுக்குள்ளிருந்து சொந்தப் பொது முகவரிக்குப் போவதை மீண்டும் உள்ளே திருப்பும் வசதி) இல்லை. வீட்டு டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரைச் சர்வரின் உள் முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் ஐபியும் போர்ட்டும் போட்டு நேராகத் திறந்துகொள்ளலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். பட்டர்வொர்த் கணக்காளருக்கு எழுதிய விடையைப் படித்த பிறகு அந்தக் கேள்வியை மீண்டும் அனுப்புங்கள்.