நான்கு நாள் விட்டுப்போன தியானம்

வணக்கம். நான்கு நாள் தியானம் விட்டுப்போனது, அந்த எரிச்சலில் மகன்மேல் சீறி விழுந்தது, பிறகு ‘எனக்கெல்லாம் ஆன்மிகம் எதற்கு’ என்று இரவெல்லாம் உங்களையே வைது தீர்த்தது, மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்றாவதுதான் உறுத்துகிறது. வைது முடித்ததும் ஏதோ பரிகாரம் செய்துவிட்ட நிம்மதி வருகிறதே, கவனித்தீர்களா? அதனால்தான் மகனிடம் மன்னிப்புக் கேட்பது தள்ளிப்போகிறது. (எனக்கும் வருடக்கணக்கில் அப்படித்தான் போயிற்று.)

தன்மேல் கருணை காட்டினால் சோம்பல் வந்துவிடும் என்கிறீர்கள். உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் தன்மேல் காட்டும் கருணையை வரையறுத்தபோது தன்னிடம் கனிவு, தவறுவது மனித இயல்பு என்ற உணர்வு, வலியை மிகைப்படுத்தாமல் உள்ளபடி கவனிக்கும் விழிப்புநிலை என மூன்றைச் சொன்னார். சலுகை அதில் இல்லை. எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்று மனத்துக்குள் வாழ்த்தும், பௌத்த மரபின் மைத்ரி தியானத்தையும் வழக்கமாகத் தன்னிடமிருந்தே தொடங்குகிறார்கள்.

இன்று மாலை உட்காரும்போது கையை நெஞ்சில் வையுங்கள். ‘சீறி விழுந்தேன், வலிக்கிறது’ என்று மட்டும் மனத்துக்குள் சொல்லுங்கள். ‘நான் மோசமானவன்’ என்று அதற்கொரு வால் வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். மூச்சு சற்று இறங்கியதும் எழுந்து மகனிடம் போங்கள், அவன் தூங்குவதற்குள்.